நாற்பத்தோராம் கட்டம்

முதல் புள்ளியை
நாற்பத்தோராம் கட்டத்தின் மேல் வைத்தேன்,
பென்சில் முனையால், தெரிந்தும் தெரியாமலும்.
வலது தோள்மூட்டுக்குள் யாரோ
ஈரத்துணி பிழியத் தொடங்கும் இடம் அது.

மாசியில் நாற்பத்தொன்று.
பங்குனியில் முப்பத்துமூன்று.
சித்திரையில், மண்டபத்து ஃபேன் நின்றுபோன சனிக்கிழமை,
பத்தொன்பது.
பாட்டு அதே நீளம்தான்.
நோ முன்னுக்கு வந்துகொண்டிருந்தது.

நான் இரண்டாம் வயலின், நாலாம் மேசை, உட்பக்கம்.
உட்பக்கம் இருப்பவளே தாள் திருப்ப வேண்டும்.
வெளிப்பக்கம் ரொஷெல்,
பாலையூற்றிலிருந்து அண்ணனின் மோட்டார்சைக்கிளில் வருபவள்.
திருப்பும் ஒன்றரை நொடி
தோள் எனக்குச் சொந்தம்.
அதற்காகவே மூன்று பக்கம் வாசித்தேன் என்று
ஆருக்குச் சொல்வது?

முதல் வயலின்களுக்கு மெட்டு.
எங்களுக்கு நடுக்கம்.
ஒரே சுரத்தில் வில்லை உதறிக்கொண்டே இருக்க வேண்டும்,
கடல் வரப்போகிறதென்று
கேட்பவருக்குத் தோன்றும்வரை.
டொக்யாட் வீதி முடிவில் கடல் ஏற்கெனவே கிடக்கிறது.
அது ஒன்றையும் உதறுவதில்லை.

தாடைக்குக் கீழே கறுத்த தழும்பு.
"ஆரடி அவன்?" என்றாள் சித்தி.
நாடிப்பலகை என்றேன். நம்பவில்லை.
அவன் என்றொருவன் இருந்தால்
கழுத்தைத் திருப்பவாவது விட்டிருப்பான்.

பெரியாஸ்பத்திரி வாங்கில்
எனக்குப் பக்கத்தில் ஒரு கரைவலைக்காரர்.
அதே தோள். அதே கையை
மற்றக் கையால் அதே மாதிரித் தாங்கியபடி.
"நீ என்ன பிள்ளை இழுக்கிறனீ?"
வில்.
"பாரமோ?"
அறுபது கிராம்.
அவர் சிரிக்கவில்லை.
"எத்தினை தரம்?" என்றார்.
இதுவரை நான் எண்ணியிருக்கவில்லை.

ஃபர்ஸானா மிஸ் படிவத்தோடு வந்தாள்.
இருபது வயதுத் தோளா இது என்று
எலும்பின் ஓரத்தை அழுத்திப் பார்த்தாள்.
குத்தா, உளைவா, விறைப்பா, எரிவா?
சட்டை போட்டால் குத்து.
தலை பின்னினால் உளைவு.
வாசித்தால் எரிவு.
வாசிக்காவிட்டால் பயம்.
பயத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
பத்துக்கு எத்தனை? ஆறு என்றேன்.
ஒன்பதைச் சொன்னால்
ஆறு கிழமை வயலினைத் தொடாதே என்பாள்.
கச்சேரிக்கு ஐந்து கிழமை.

வைகாசியில் காய்ச்சல், ஒரு சனி போகவில்லை.
மறு சனி தாளை விரித்தால்
இருபத்தாறாம் கட்டத்தின் கீழே
சின்னதாய் ஒரு சிலுவை.
என் கை அல்ல.
முப்பதில் ஒன்று, முப்பத்தெட்டில் ஒன்று,
அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிய இடங்கள்.
இத்தனை நாள் அதை
பழந்தாளின் கறை என்றிருந்தேன்.
ரொஷெல் வில்லுக்கு ரோசின் பூசிக்கொண்டிருந்தாள்,
தேவைக்கு மேலே கனநேரம்.

ஒன்றும் கதைக்கவில்லை.
நடுக்கம் தொடங்கியது.
பத்தொன்பதில் என் வில்
தந்தியைவிட்டு மயிரிழை எழும்பி
காற்றில் சும்மா ஆடியது.
அவள் இரண்டு பேருக்கும் உதறினாள்.
இருபத்தாறில் நான் இறங்கினேன், அவள் எழும்பினாள்.
பிறகு அவள். பிறகு நான்.
நிலாவெளிக் கரையில் கயிறு கைமாறுவதை
பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்.
கொழும்பிலிருந்து வரும் நடத்துநர்
கையைத் தாழ்த்தினார்:
"செக்கன்ட்ஸ், இண்டைக்குத்தான் சரியான மெதுமை."

கச்சேரி முடிந்த இரவு
மண்டப வாசலில் ஒரு மான்
சிற்றுண்டிப் பெட்டியின் மட்டையைத் தின்றுகொண்டு நின்றது.
தாள்களைத் திருப்பிக் கொடுக்கமுன்
பென்சில் குறி எல்லாம் அழிக்க வேண்டும், விதி.
ரொஷெல் அழிறப்பரை எடுத்தாள்.
வில்லேற்றம், வில்லிறக்கம்,
'இஞ்சை சேரைப் பார்',
எல்லாம் துகளாகி மடியில் விழுந்தன.
பத்தொன்பதுக்கு வந்ததும்
அழிறப்பரை என்னிடம் நீட்டினாள்.
கை எழும்புதில்லை என்றேன்.
தனக்கும் என்றாள்.